ஓட்டோ கியருக்கு ஒயில் மாற்றினால் கியர் போகாது, மாற்றாமல் விட்டால்தான் போகும்

ஆசிரியர் அவர்களுக்கு,

"ஓட்டோ கியரில கை வைக்காதை, ஒயில் மாத்தினா கியர் போயிடும்." வவுனியாவில் இருந்து பரந்தன் வரை, கார் வைத்திருக்கும் பத்துப் பேரைக் கேட்டால் அரைவாசிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். இந்தப் பேச்சை நம்பி, திருத்தியிருக்கக்கூடிய ஓட்டோ (தானாக மாறும்) கியர்பொக்சுகள் பழைய இரும்பாகிக்கொண்டிருக்கின்றன. தங்கள் பத்திரிகை வன்னியின் எல்லா ஊருக்கும் போவதால் இதை விளக்கமாக எழுதுகிறோம்.

இந்தப் பேச்சு எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் நியாயம் விளங்கும். கார் ஓடுகிறது, பத்துப் பன்னிரண்டு வருடம் கியர் ஒயிலை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு நாள் கியர் வழுக்கத் தொடங்குகிறது. எஞ்சின் இரைகிறது, கார் இழுக்கவில்லை. அப்போதுதான் ஒயில் மாற்றுகிறார்கள். உள்ளே கிளச்சுத் தட்டுகளின் பூச்சு ஏற்கனவே தேய்ந்து முடிந்துவிட்டது. புது ஒயில் அதற்கு மருந்து அல்ல. போதாக்குறைக்குச் சில இடங்களில் மெசினால் அமுக்கம் கொடுத்துக் கழுவும்போது, அடியில் படிந்து கிடந்த வண்டல் கிளம்பி வால்வுகளின் நுண்ணிய துவாரங்களுக்குள் போய் அடைக்கிறது. ஒரு கிழமையில் கார் நிற்கிறது. பழி ஒயில் மாற்றியதன் மேல் விழுகிறது. பத்து வருடம் மாற்றாமல் விட்டதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறக்கப்பட்டது. வரியோ சாதாரண குடும்பம் நினைத்துப் பார்க்க முடியாதது. ஆகவே இங்கே ஓடும் கொறோலா 121, அலியன், விற்ஸ் எல்லாம் இன்னும் பல வருடம் ஓடியாக வேண்டியவை. அவற்றுக்கு மிகவும் மலிவான காப்பு, நேரத்துக்கு மாற்றும் நாலு லீற்றர் ஒயில்.

"வாழ்நாள் ஒயில், மாற்றத் தேவையில்லை" என்று சொல்வார்கள். குளிர் தேசத்தில் நல்ல தெருவில் ஓடும் காருக்கு அது எவ்வளவு பொருந்துமோ, வன்னிக்குப் பொருந்தாது. ஓட்டோ கியரில் எஞ்சினையும் கியரையும் இணைப்பது டோர்க் கொன்வேட்டர். அது ஒயிலைச் சுழற்றித்தான் விசையைக் கடத்துகிறது. ஏ-9 வீதியில் ஒரே வேகத்தில் ஓடும்போது அது உள்ளே பூட்டிக்கொள்ளும், சூடு குறையும். மாங்குளத்தால் திரும்பி உள் ஊர்களின் கிறவல் ஒழுங்கைக்குள் இருபது, முப்பதில் ஊர்ந்தால் அது பூட்டுவதே இல்லை. ஒயில் ஓயாமல் வழுக்கிச் சுழன்று சூடாகும். வைகாசி வெயில், ஏ.சி., உள்ளே ஆறு பேர், டிக்கியில் நெல்மூட்டை என்றால் கேட்கவே வேண்டாம். எண்பது பாகை செல்சியஸில் பல வருடம் தாங்கும் ஒயில், நூற்றிருபதைத் தாண்டினால் கருகி, உள்ளே அரக்குப் போலப் படியத் தொடங்கும். ஆகவே இங்கே முப்பதாயிரம், மிஞ்சினால் நாற்பதாயிரம் கிலோமீற்றருக்கு ஒரு தடவை, ஓட்டம் குறைந்த காராக இருந்தாலும் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுவதே நல்லது.

முதலில் எந்தக் கார் என்று பார்க்க வேண்டும். கீழே சொல்லப்போவது டிப் ஸ்டிக் (ஒயில் அளவு பார்க்கும் கம்பி) உள்ள, பழைய மாதிரி ஓட்டோ கியர்களுக்கு. வகன் ஆர் போன்றவற்றில் இருப்பது சீ.வீ.ரீ. பட்டியில் ஓடும் அதற்கு அந்தந்தக் கொம்பனி குறிப்பிட்ட சீ.வீ.ரீ. ஒயில் மட்டும்தான். சாதாரண ஓட்டோ கியருக்கான சிவப்பு ஒயிலை (ஏ.ரீ.எஃப்.) ஊற்றினால் பட்டி வழுக்கிக் கீறிவிடும், பிறகு மாற்றினாலும் கீறல் போகாது. ஏ.ஜீ.எஸ். என்று வருவது உண்மையில் மனுவல் கியர், கிளச்சை மிதித்துக் கியரை மாற்றுவது மெசின், அவ்வளவுதான். அதற்கு மனுவல் கியர் ஒயில். பழைய வெசல் ஹைபிரிட்டில் இருப்பது இரட்டைக் கிளச்சு, அதை வீட்டில் தொட வேண்டாம். அக்குவா, பிரியஸ் கார்களுக்கு ரொயோட்டாவின் டபிள்யூ.எஸ். ஒயில், நாலு லீற்றருக்குள் அடங்கும். அவற்றில் டோர்க் கொன்வேட்டர் இல்லாததால் ஒரே தடவையில் கிட்டத்தட்ட முழுதும் வடிந்துவிடும். ஆனால் டிப் ஸ்டிக்கும் கிடையாது. டிப் ஸ்டிக் இல்லாத எந்தக் கியராக இருந்தாலும் ஒரு விதி உண்டு. ஒயில் ஊற்றும் மேல் பிளக்கைக் கழற்றிப் பார்த்த பிறகே கீழ்ப் பிளக்கில் சாவி போட வேண்டும். கீழால் வடித்துவிட்டு மேல் பிளக் இறுகிக் கிடப்பதைக் கண்டால், கார் அந்த இடத்திலேயே கிடக்க வேண்டியதுதான்.

ஒயில் வாங்குவது அடுத்தது. பிழை கூடுதலாக நடப்பது இங்கேதான். ரொயோட்டாவில் பெரும்பாலும் டிப் ஸ்டிக்கின் தகட்டிலேயே எந்த ஒயில் என்று பொறித்திருக்கும். தூசைத் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் வாசிக்கலாம், ரைப் ரீ-4 அல்லது டபிள்யூ.எஸ். இரண்டும் சிவப்பு, ஆனால் ஒன்றுக்கு மற்றது அல்ல. டபிள்யூ.எஸ். நீர்த்தது, ரீ-4 தடித்தது. ஹொண்டாவின் பழைய ஓட்டோவுக்கு டீ.டபிள்யூ-1. நிசானுக்கு மற்றிக் வரிசை, அதிலும் டீ, ஜே, எஸ் என்று பிரிவுண்டு. "சிவப்பு ஒயில் எல்லாம் ஒண்டுதான்" என்று கடையில் சொன்னால் வேறு கடை பாருங்கள். பீப்பாவில் இருந்து அளந்து போத்தலில் விற்கும் ஒயிலை ஓட்டோ கியருக்குப் போடவே வேண்டாம். அது என்ன ஒயில் என்று விற்பவருக்கே தெரியாது.

மாற்றுவதற்கு முதல் பழைய ஒயிலைப் பார்க்க வேண்டும். பொனற்றைத் திறந்தவுடன் டிப் ஸ்டிக்கை இழுக்காதீர்கள். கிறவல் தூசு அதன் கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக அப்பிக் கிடக்கும். ஈரத் துணியால் துடைத்துவிட்டே இழுக்க வேண்டும். ஒரு துளியை வெள்ளைக் கடதாசியில் விட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். சிவப்பாகவோ பழுப்புச் சிவப்பாகவோ பரவி ஓரம் தெளிவாக இருந்தால் நல்லது. நடுவில் கரும்பொட்டு நின்று, தீய்ந்த பாண் மணம் வந்தால் கிளச்சு எரிந்திருக்கிறது. பிரேக்கை மிதித்தபடி எஞ்சின் சூடாக இருக்கும்போது லீவரை நியூற்றலில் (N) இருந்து டீ-க்குப் (D) போட்டால் 1.2 செக்கனுக்குள்ளும், ஆர்-க்குப் (R) போட்டால் 1.5 செக்கனுக்குள்ளும் கியர் விழுகிற குலுக்கம் தெரிய வேண்டும். அதைவிடப் பிந்தினால், மணமும் இருந்தால், ஒயில் மாற்றிக் காசைக் கரைக்க முன்னர் கியர் தெரிந்த ஒருவரிடம் காட்டுவதே சரி.

இளஞ்சிவப்புப் பால் மாதிரி இருந்தால் அது வேறு கதை. ஒயிலுக்குள் தண்ணீர் போய்விட்டது. மாரியில் வெள்ளம் பாயும் மதகைக் கடந்தால் கியரின் காற்றுக் குழாயால் தண்ணீர் போகலாம். ஆனால் இங்கே பெரிய காரணம் கிணற்றுத் தண்ணீர். ஓட்டோ காரில் கியர் ஒயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேற்றருக்குள்தான் போகிறது. கூலண்ட் வாங்கப் பஞ்சிப்பட்டு, கல்லுத் தண்ணீரை வாளியோடு ரேடியேற்றருக்கு ஊற்றுகிறோம். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே சுண்ணாம்பு ரேடியேற்றரிலும் படிகிறது. துரு அந்தக் குழாயை அரித்து ஓட்டை போடுகிறது. ரேடியேற்றர் தண்ணீர் கியருக்குள் போனால் கிளச்சுத் தட்டில் பூச்சை ஒட்டியிருக்கும் பசை ஊறிக் கழன்றுவிடும். இப்படிக் கண்டால் காரை ஸ்ராட் பண்ணவே வேண்டாம். ரேடியேற்றர் மாற்றாமல் ஒயிலை மட்டும் மாற்றுவது வீண். கூலண்ட் ஒரு கான் வாங்கும் காசு எங்கே மிச்சமாகிறது, எங்கே போகிறது என்று கணக்குப் பாருங்கள்.

இனி வேலை. கொறோலா 121-ஐ வைத்துச் சொல்கிறோம்.

வேண்டியவை: ரீ-4 ஒயில் நாலு லீற்றர் கான் ஒன்று, பத்து மில்லிமீற்றர் எலன் சொக்கற், பிளக்குக்குப் புது வொஷர், நீண்ட மெல்லிய கழுத்துள்ள புனல், அகலத் தட்டு, ஒரே அளவான பிளாஸ்ரிக் தண்ணீர்ப் போத்தல் நாலைந்து, காரைத் தூக்கும் ஜக், தூக்கிய காரைத் தாங்கும் ஜக் ஸ்ராண்ட் இரண்டு. துடைக்க நூல் உதிராத பழைய சாரத் துண்டு. பனியன் துணி வேண்டாம். அதன் நூல் ஒன்று உள்ளே போனாலே வால்வு ஒன்றை இறுக்கப் போதும்.

சீமெந்துத் தரை வேண்டும். புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவுப் பக்கத்து மணல் முற்றத்தில் ஜக் மெல்லப் புதைந்து சாயும். வேறு வழி இல்லையென்றால் ஜக்குக்கும் ஸ்ராண்டுக்கும் அடியில் தடித்த பலகை போட வேண்டும். ஜக்கை மட்டும் நம்பி எவரும் காருக்கு அடியில் போகக்கூடாது, ஒரு நிமிடத்துக்கும் கூடாது. பனங்குத்தியை முண்டு கொடுப்பதும் கூடாது, அது உருளும்.

ஐந்து, பத்து நிமிடம் ஓட்டி ஒயிலை இளஞ்சூடாக்குங்கள். கிளிநொச்சியில் இருந்து ஓடிவந்த கையோடு பிளக்கைத் திறந்தால் கை வெந்துவிடும். தூக்க முன்னர் டிப் ஸ்டிக்கில் அளவைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்கனவே குறைவாகவோ கூடவோ இருந்தால், பிறகு ஊற்றும்போது அந்தக் கணக்கையும் சேர்க்க வேண்டும்.

அடியில் இரண்டு பிளக் தெரியும். இந்தக் காரில் எஞ்சின் வலது பக்கம், கியர் இடது பக்கம். எஞ்சின் ஒயில் பிளக்குக்கு வெளியே சாவி பிடிக்கும் தலை உண்டு. கியர் பிளக்கில் உள்ளுக்குள் அறுகோணக் குழிதான். இதைக் குழப்புகிறவர்கள் குறைவில்லை. எஞ்சின் ஒயில் மாற்றுகிறோம் என்று கியர் ஒயிலை வடித்துவிட்டு, எஞ்சினுக்கு மேலும் நாலு லீற்றர் ஊற்றிவிடுவார்கள். ஒரே நாளில் இரண்டும் பழுது.

அந்தக் குழிக்குள் சேறு இறுகியிருக்கும். ஆணியால் கிண்டி, துடைத்து, எலன் சொக்கற்றை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டி அடிமட்டம் இறக்கிய பிறகே திருப்ப வேண்டும். அரைகுறையாக இறங்கிய சாவி குழியின் மூலைகளை உருட்டிவிடும். கீழே படுத்து மேலே பார்க்கும்போது திசை குழம்பும். பிளக்கை நேரே பார்த்தபடி இடஞ்சுழியாகத் திருப்பினால் கழரும்.

இரண்டரை தொடக்கம் மூன்று லீற்றர் வரை வரும். சொட்டுச் சொட்டாக வரும்வரை கால் மணித்தியாலம் விடுங்கள். வடிந்ததைப் போத்தல்களில் ஊற்றி அளப்பதுதான் இந்த முழு வேலையின் உயிர்நாடி. புத்தகம் என்ன சொன்னாலும், எவ்வளவு வந்ததோ அவ்வளவுதான் திரும்பப் போக வேண்டும். ஆறவிட்டு அளந்து பாருங்கள், சூட்டில் ஒயில் விரிந்திருக்கும்.

அடித் தட்டைக் கழற்றலாமா என்று கேட்பார்கள். ஒழுக்கு இல்லையென்றால் முதல் தடவை வேண்டாம். கழற்றினால் உள்ளே காந்தத் துண்டுகள் இருக்கும். விபூதியைத் தண்ணீரில் குழைத்த மாதிரிச் சாம்பல் மை அதில் அப்பியிருந்தால் அது சாதாரணத் தேய்மானம், பயப்பட வேண்டாம். மினுங்கும் சீவல்களோ துணுக்குகளோ இருந்தால் ஏதோ உடைகிறது. காந்தத்தைத் துடைத்து அதே இடத்தில் வையுங்கள். பில்ற்றரைப் புதிதாகப் போட்டு, கஸ்கற்றைக் காய்ந்தபடியே வையுங்கள். சிலிக்கன் பசையை அப்பினால் உட்பக்கம் பிதுங்கி, பிறகு துண்டாகக் கழன்று பில்ற்றரின் வாயை அடைக்கும். தட்டின் சின்ன போல்ட்டுகளைச் சிறிய ரச்சற்றால், நடுவில் இருந்து வெளியே, மாறி மாறி, மணிக்கட்டுப் பலத்தில் மட்டும் இறுக்குங்கள். நீட்டுக் கம்பி போட்டு இறுக்கினால் அலுமினியப் புரி பிய்ந்து வரும், இல்லையென்றால் தட்டு வளைந்து ஒழுகும்.

புது வொஷரோடு பிளக்கைப் பூட்டியபின், டிப் ஸ்டிக் குழாயாலேயே புனலை வைத்து ஊற்ற வேண்டும். வடிந்த அளவில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை குறைய ஊற்றி நிறுத்துங்கள். ஒயில் ஊற்றாமல் எஞ்சினை ஒரு செக்கனும் ஸ்ராட் பண்ணக்கூடாது. கியருக்குள் இருக்கும் பம்ப் எஞ்சினோடு சேர்ந்து சுற்றுவது, வெறுமையில் சுற்றினால் அது உராய்ந்து பழுதாகும்.

காரை இறக்கி, கைப் பிரேக் போட்டு, கால் பிரேக்கை மிதித்தபடி ஸ்ராட் பண்ணி, லீவரை பீ-யிலிருந்து ஒவ்வொரு இடத்திலும் மூன்று செக்கன் நிறுத்திக் கீழே கொண்டுபோய்த் திரும்ப பீ-க்குக் கொண்டுவாருங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கவே டிப் ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து, முழுதாக இறக்கி, மறுபடி இழுத்துப் பாருங்கள். இப்போது கூல் என்ற கோடுகளுக்கு இடையில் நின்றால் போதும். பிறகு பதினைந்து, இருபது கிலோமீற்றர் ஓடி, ஒயில் எழுபது, எண்பது பாகைக்கு வந்தபின், சம தரையில் இதையே திரும்பச் செய்தால் ஹொட் என்ற இரண்டு கோட்டுக்கு நடுவில் நிற்க வேண்டும். அந்த அளவுதான் தீர்ப்பு. ஹொண்டாவுக்கு மட்டும் வேறு முறை. அதில் சூடான எஞ்சினை நிறுத்தி, ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். ரொயோட்டா முறையில் ஹொண்டாவையும், ஹொண்டா முறையில் ரொயோட்டாவையும் பார்த்து அளவு பிழைத்த கார்கள் நிறைய.

"கொஞ்சம் கூட இருந்தா நல்லதுதானே" என்பார்கள். இல்லை. கூடினால் சுழலும் பற்சில்லுகள் ஒயிலை அடித்து நுரையாக்கும். நுரைக்குள் இருப்பது காற்று. அது அமுங்குவதால் கிளச்சைப் பிடிக்க வேண்டிய அமுக்கம் விழும், கியர் வழுக்கும், காற்றுக் குழாயால் ஒயில் பொங்கி வெளியே வரும். குறைந்தால் வளைவில் திரும்பும்போது பம்ப் காற்றை உறிஞ்சும், கியர் விழப் பிந்தும். இரண்டிலும் நோய் ஒன்றேபோலத் தெரிவதால் ஊகிக்காமல் அளக்க வேண்டும். கூடிவிட்டால் பெரிய சிறிஞ்சில் மெல்லிய குழாயைச் செருகி, டிப் ஸ்டிக் வழியால் உறிஞ்சி எடுக்கலாம்.

ஒரு தடவை வடிப்பதில் முழு ஒயிலும் மாறாது. மொத்தம் ஏழு லீற்றர் வரை இருக்கும், மிச்சம் கொன்வேட்டருக்குள் நிற்கும். 2.8 லீற்றர் மாற்றினால் நூற்றுக்கு 40 பங்கு புதிது. இரண்டாம் தடவை 64, மூன்றாம் தடவை 78. பல வருடம் மாற்றாத காருக்கு இப்படி ஆயிரம் கிலோமீற்றர் இடைவெளியில் மூன்று தடவை மாற்றுவதே பாதுகாப்பு. எட்டரை லீற்றர் செலவாகும், ஆனால் வண்டல் ஒரேயடியாகக் கிளம்பாது. கூலர் குழாயைக் கழற்றி எஞ்சினை ஓடவிட்டு முழுதும் மாற்றும் முறையும் உண்டு. ஒரு நிமிடத்துக்குள் கியர் வற்றிவிடும் என்பதால் பழகாதவர்கள் தனியே செய்ய வேண்டாம். வழுக்கலை நிறுத்தும் என்று விற்கும் சின்னப் போத்தல் மருந்துகளும் வேண்டாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நின்றுபோன ஓட்டோ காரை நியூற்றலில் போட்டு, முன்சில்லு தரையில் உருள, டிராக்டரால் கட்டி இழுப்பது எங்கும் நடக்கிறது. எஞ்சின் ஓடாதபோது பம்ப் ஓடாது, ஒயில் ஏறாது, உள்ளே எல்லாம் உலர்ந்து உராயும். முறிகண்டியில் நின்ற காரை மல்லாவி வரை இப்படி இழுத்தால் கியரும் சேர்ந்து முடியும். முன்சில்லைத் தூக்கி இழுக்க வேண்டும், அல்லது முழுதாக ஏற்ற வேண்டும்.

இனி, இரண்டு கோரிக்கைகள். ஒயில் விற்கும் கடைக்காரர்கள் சீல் உடைக்காத கானையே கொடுத்து, பில்லில் "கியர் ஒயில்" என்று மொட்டையாக எழுதாமல் ரீ-4, டபிள்யூ.எஸ்., டீ.டபிள்யூ-1 என்று வகையையும் எழுத வேண்டும். அடுத்த தடவை வாங்க வருபவருக்கும் கராஜில் வேலை செய்பவருக்கும் அந்த ஒரு துண்டுதான் சாட்சி.

மற்றது வடித்த ஒயில். பலர் அதைக் கறையானுக்கு என்று வேலிக் கதியாலுக்குப் பூசுகிறார்கள், மிச்சத்தைக் கோடியில் ஊற்றுகிறார்கள். எங்கள் நிலத்தில் மாரி காலத்தில் தண்ணீர் கைக்கெட்டும் ஆழத்தில் நிற்கும். கோடியில் ஊற்றியது கிணற்றுக்கு வர நெடுநாள் செல்லாது. பிரதேச சபைகள் ஒவ்வொரு சந்தையிலும் மூடியுள்ள பீப்பா ஒன்றை வைத்துக் கழிவு ஒயிலைச் சேர்க்க வேண்டும். அதில் எஞ்சின் ஒயிலும் கியர் ஒயிலும் மட்டும் போடலாம் என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்க வேண்டும். கூலண்டோ பிரேக் ஒயிலோ ஒரு போத்தல் கலந்தால் பீப்பா முழுதையும் எடுக்க ஆள் வராது. பீப்பா வரும்வரை வடித்த ஒயிலை, புது ஒயில் வந்த அதே கானில் ஊற்றி, மூடி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குடிதண்ணீர்ப் போத்தலில் வைக்க வேண்டாம், சிவப்பு நிறத்தைப் பார்த்துச் சர்பத் என்று எடுத்துவிடுவார்கள். அளக்கப் பாவித்த போத்தல்களையும் அன்றே நசுக்கி எறிந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாகனத் திருத்துநர்கள்,
மாங்குளம்.